நான்காவது லெவல்

ஃபெலிக்ஸுக்கு அந்த அலுவலகத்தில் இருந்தது இரண்டு நிமிட வேலை. அதற்காகக் கம்பெனி அவனை இரண்டு நாளைக்கு அனுப்பியது. வாரியம் அவனை ஏழு மாதம் வைத்துக்கொண்டது.

வாரியம் என்றால் தக்காணப் பொது ஒளிபரப்பு வாரியம். ஹைதராபாத்தில், திருமுல்கேரி ராணுவக் குடியிருப்புகளைத் தாண்டி, வேப்பமரங்களுக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் கட்டடம். ஃபெலிக்ஸ் தூத்துக்குடிக்காரன். நான்கு வருடமாகக் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வாடகைக்கு இருக்கிறான். டிவி நிலையங்களுக்கு ரூட்டர் விற்கிற சிறிய கம்பெனியில் எஞ்சினியர். வீட்டில் இணையம் தருகிற பெட்டிக்கும் ரூட்டர் என்றுதான் பெயர்; இது வேறு. நிலையத்துக்குள் வருகிற எந்தப் படமும் எந்தச் சத்தமும் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று திருப்பிவிடுகிற, பீரோ அளவுக் கருவி.

பார்க்கிறவருக்கு ஒரு நிகழ்ச்சி ஒன்றாகத்தான் தெரியும். ரூட்டருக்குள் அது லெவல் லெவலாகப் பிரிந்து போகும். முதல் லெவலில் படம். இரண்டாவதில் தெலுங்கு ஒலி. மூன்றாவதில் உருது ஒலி. நான்காவதில், கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் நடப்பதை ஒருவர் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வரும் வர்ணனை. உள்ளே வருவது யார், கையில் என்ன வைத்திருக்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் கேட்கும்.

புது ரூட்டர் போட்ட நாளிலிருந்து அது கேட்கவில்லை.

ஃபெலிக்ஸ் முதல் நாள் காலை பத்தரைக்குக் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தான். பத்து நாற்பதுக்குக் குறையைக் கண்டுபிடித்துவிட்டான். ஒவ்வொரு லெவலும் ரூட்டரில் எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது என்று ஓர் அட்டவணையில் போட்டிருக்க வேண்டும். படத்துக்கு 0, தெலுங்குக்கு 32, உருதுவுக்கு 64. நான்காவதுக்கு 96 என்று இருக்க வேண்டிய இடத்தில் 196 என்று இருந்தது. டைப் அடித்தவரின் விரல் 1-ஐத் தேவையில்லாமல் ஒருமுறை தொட்டிருக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றாறில் எந்தக் கேபிளும் இல்லை. அங்கிருந்து வாரியம் ஐந்து மாதமாக மௌனத்தை எடுத்து ஒளிபரப்பிக்கொண்டிருந்தது.

அதே அட்டவணை சுவரிலும் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. கீழே இயக்குநர் சந்திரமோகனின் கையெழுத்து, பச்சை மையில். திறப்பு விழாவுக்குப் போட்ட சாமந்தி மாலை காய்ந்துபோய் அதன்மேல் தொங்கியது.

"ஒரே ஒரு எழுத்துதான் சார். அழிச்சிட்டா சத்தம் வந்துரும்," என்றான் ஃபெலிக்ஸ், துணை இயக்குநர் நாராயணஸ்வாமியிடம்.

நாராயணஸ்வாமி திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் ஊர் உருதுவும் கலந்திருக்கும்.

"நக்கோ ஃபெலிக்ஸ். மொதல்ல கைய எடுங்கோ அதுலேர்ந்து. சுவத்துல என்ன போட்டிருக்கு?"

"196 சார்."

"மெஷின்ல?"

"196."

"அப்பறம் என்ன? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. மெஷின் கரெக்டா வேலை செய்யறது."

"ரெண்டுமே தப்பு சார்."

நாராயணஸ்வாமி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தப்புன்னு ஒரு வார்த்தை ஃபைல்ல ஏறினா, கீழே கையெழுத்து யாருதுன்னு கேப்பா. டைரக்டரோடது. டைரக்டர் தப்புல கையெழுத்துப் போட்டார்னு எழுதப்போறது நீங்களா, நானா? எனக்கு ரிடயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. கைக்கு, எதுக்கு வம்பு?" என்றவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வரவழைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "பிஸ்கட்டை எடுத்துக்கோங்கோ. வேலையை முறைப்படி செய்வோம். மொதல்ல கம்ப்ளெய்ன்ட் ஏதாவது வந்திருக்கான்னு பாருங்கோ."

தபால் பிரிவில் இருந்தவர் ஃபாத்திமா. ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பம். வாரியத்தில் இருபது வருட சர்வீஸ். லெவல் என்றதுமே அவர் ஓர் உறையை எடுத்து வைத்தார்.

"ஹப்சிகுடாவுல ஒரு பெரியவர். சுப்பிரமணியம்னு பேரு. கண் தெரியாது. ஆறு மனு போட்டுட்டாரு. ஆறையும் நான்தான் திருப்பி அனுப்பினேன்."

"ஏன் மேடம்?"

"படிவத்துல ஏழாவது வரி பாருங்க. பிழையோட போட்டோ இணைக்கணும். அவரு இணைக்கல."

"சத்தம் வரலைங்கிறத எப்பிடி மேடம் போட்டோ எடுக்க?"

"நானும் மேல கேட்டேன். படிவம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னாங்க. ஆறாவது தடவை அவரு வீட்டம்மாவ விட்டு டிவியைப் போட்டோ எடுத்து அனுப்பினாரு. இந்தா இருக்கு."

போட்டோவில் ஒரு சீரியல் காட்சி பளிச்சென்று இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்: 'படம் தெளிவாக உள்ளது. குறை ஏதுமில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.'

ஃபாத்திமா உறையை மூடிக்கொண்டே, "அதுக்கப்புறம் அவரு எழுதல," என்றார்.

அட்டவணையை மாற்றக் கோரி நாராயணஸ்வாமி ஒரு குறிப்பு தயாரித்தார். தப்பு, பிழை, தவறு ஆகிய சொற்களைத் தவிர்த்து எழுத ஒன்பது நாள் பிடித்தது. 'நான்காவது லெவலை 196-லிருந்து 96-ஆகக் குறைப்பது பரிசீலனைக்குரியது' என்று ஒருவழியாக முடித்தார். கோப்பு நிர்வாகப் பிரிவுக்குப் போனது.

நிர்வாகப் பிரிவில் லெவல் என்றால் ஊழியர்களின் சம்பளப் படிநிலை. இருபத்தைந்து வருடமாக அதை மட்டுமே பார்த்தவர்களுக்கு வேறொரு லெவல் இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை. மூன்று வாரம் கழித்துக் கோப்பு கேள்விகளோடு திரும்பியது. ஒரேயடியாக நூறு குறைப்பது கடுமையான தண்டனை. நான்காவது லெவலின் மீதான குற்றச்சாட்டு என்ன? விளக்கம் கேட்டு நோட்டீஸ் தரப்பட்டதா? சம்பந்தப்பட்டவருக்கு இன்னும் எத்தனை வருட சர்வீஸ் பாக்கி?

ஃபெலிக்ஸ் நேரில் போய் விளக்கினான். வெள்ளைத் தாளில் ரூட்டரின் படம்கூட வரைந்து காட்டினான். நிர்வாக அதிகாரி பொறுமையாகக் கேட்டார். படத்தையும் வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

"ஆளா, மெஷினா என்று எங்கள் பிரிவு பார்ப்பதில்லை. பார்த்தால் பாகுபாடு என்பார்கள். லெவலைக் குறைக்க ஒரே நடைமுறைதான்," என்றார்.

விஷயம் ஊழியர் சங்கத்துக்கு எட்டியது. மறுநாள் மதிய இடைவேளையில் வாசலில் கூட்டம். இன்று நான்காவது லெவலைக் குறைப்பவர்கள் நாளை ஐந்தாவதைத் தொடமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று ஒருவர் தொண்டை கிழியக் கேட்டார். சாப்பிடப் போன ஃபெலிக்ஸின் சட்டையில் யாரோ கறுப்பு பேட்ஜைக் குத்திவிட்டார்கள். கழற்றினால் மரியாதையாக இருக்காது என்று சாயங்காலம் வரை அதோடே இருந்தான்.

கடைசியில் நோட்டீஸ் கொடுப்பது என்று முடிவானது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரும்படி நான்காவது லெவலுக்கு முகவரியிட்ட கடிதத்தை ரூட்டரின் கண்ணாடிக் கதவில் ஒட்டினார்கள். பதினைந்து நாளும் காத்திருந்தார்கள். நான்காவது லெவல் ஒன்றும் சொல்லவில்லை. 'மறுமொழி இல்லை' என்று கோப்பில் ஏறியது. அந்த வாரியத்தில் அதன் மௌனத்தை முதன்முதலாக எழுத்தில் ஒப்புக்கொண்டது அந்தக் குறிப்புதான். ஆனால் அது குறையின் ஆதாரமாகச் சேரவில்லை. ஒழுங்கீனத்தின் கீழ் சேர்ந்தது.

தன் கம்பெனி முதலாளிக்கு ஃபெலிக்ஸ் போன் செய்து, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டான். வேலை முடிந்தது என்று வாரியம் சான்றிதழ் தராமல் வரக் கூடாது என்றார் அவர்.

ஒழுங்கீனத்தை ஆராய ஏழு பேர் கமிட்டி அமைந்தது. முதல் கூட்டத்தில் இயக்குநர் சந்திரமோகன் நாற்பது நிமிடம் பேசினார். வெள்ளை முடியை வழித்து வாரிய, கம்பீரமான மனிதர். பாதி தெலுங்கு, பாதி ஆங்கிலம்.

"நண்பர்களே, நான் டிவி பார்ப்பதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். பார்த்தால் விருப்பு வெறுப்பு வந்துவிடும். முப்பத்தோரு வருடமாக இந்த வாரியத்தின் ஒரு நிகழ்ச்சியைக்கூடப் பார்க்காமல் நடுநிலை காத்துவருகிறேன். கண் தெரியாத சகோதரர்களுக்கு நான்காவது லெவலைத் தந்தது நாம்தான். எந்த நிலையமும் செய்யாததைச் செய்தோம். அதில் ஒலி வருகிறதா என்று கேட்கிறார்கள். வசதியை ஏற்படுத்துவது நம் கடமை. ஒலி என்பது அதற்கு அடுத்த கட்டம். கட்டம் கட்டமாகத்தான் போக முடியும்."

கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் ஃபெலிக்ஸும் தட்டினான்.

அடுத்தது பரிசோதனை. கன்ட்ரோல் ரூமில் ஒரே ஒரு ஹெட்ஃபோன்தான் வேலை செய்தது. ஏழு பேரும் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு நிமிடம், நான்காவது லெவலைக் காதில் வைத்துக் கேட்டார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொருவர் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். பிறகு தரப் படிவத்தை நிரப்பினார்கள். இரைச்சல்: இல்லை. குறுக்கீடு: இல்லை. திரிபு: இல்லை. எதிரொலி: இல்லை. மொத்த மதிப்பீடு: மிக நன்று. தெலுங்கு ஒலியில் லேசான இரைச்சல் உண்டு, உருதுவில் கொஞ்சம் திரிபு உண்டு. இப்படிப் பார்த்தால் வாரியத்தின் மிகத் தரமான லெவல் நான்காவதுதான்.

"சார், இதுல சத்தமே இல்லையே. அத எங்க எழுத?" என்று ஃபெலிக்ஸ் கேட்டான்.

கமிட்டிச் செயலாளராக இருந்த நாராயணஸ்வாமி படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார், திருப்பியும் பார்த்தார். ஒலி உண்டா என்று கேட்கும் வரி அதில் இல்லை.

"அதர் ரிமார்க்ஸ்ல போடலாமான்னு பாத்தேன். அதுல டைரக்டர் பேச்சுக்கு நன்றி எழுதியாச்சு," என்றார். "ஒண்ணு பண்ணுங்கோ. மனு கொடுத்தவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிண்டு வாங்கோ. 'பிழையை நேரில் கண்டேன்'னு. அது இருந்தா மறுபடி கமிட்டில வைக்கலாம்."

ஹப்சிகுடாவில் ஒரு பழைய அபார்ட்மென்டின் இரண்டாவது மாடி. கதவைத் திறந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் தலையசைத்து உள்ளே வரச் சொன்னார். கழுத்தில் ஆபரேஷன் செய்த தழும்பு இருந்தது. ஃபெலிக்ஸ் தான் வாரியத்திலிருந்து வந்திருப்பதைச் சொன்னான். சுப்பிரமணியம் நாற்காலியிலிருந்து எழுந்து, குரல் வந்த திசைக்குக் கை நீட்டினார்.

"எந்த ஊரு தம்பி நீங்க? பேச்சுல நம்ம பக்கம் மாதிரி தெரியுதே."

"தூத்துக்குடி ஐயா."

"அப்பிடிச் சொல்லுங்க. நான் அம்பாசமுத்திரம். இங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தி ரெண்டு வருசம். ஐம்பது வயசுல கண்ணு போயிட்டு. குளுக்கோமா." பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னார். "அப்புறம் இவதான் எனக்கு டிவி. பக்கத்துல உக்காந்து, இன்னார் வாரான், இன்னார் போறான்னு சொல்லிக்கிட்டே இருப்பா. ரெண்டு வருசத்துக்கு முந்தி தைராய்டு கட்டின்னு ஆபரேசன் பண்ணினாங்க. குரல் போயிட்டு. அந்த நேரத்துலதான் உங்க வாரியத்துல இந்த வர்ணனை ஆரம்பிச்சாங்க. சரி, சாமி ஒரு வாசலை அடைச்சா இன்னொண்ணைத் தெறக்குன்னு நெனைச்சோம்."

"இப்ப எப்பிடி ஐயா பாக்கிய?"

சுப்பிரமணியம் சிரித்தார். மனைவி வள்ளியம்மாள் அவர் புறங்கையில் விரலால் தட்டிக் காட்டினார். ஒரு தட்டு என்றால் கதாநாயகி வருகிறாள். இரண்டு தட்டு, மாமியார். உள்ளங்கையைச் சுரண்டினால் யாரோ அழுகிறார்கள்.

"மத்த ஆளுக யாரு வந்தாலும் மூணு தட்டுதான். அதுல போலீஸ்காரனும் உண்டு, பால்காரனும் உண்டு. நாம பேச்சை வச்சுக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்."

ஃபெலிக்ஸ் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவே கூசினான். எடுத்துப் படித்துக் காட்டினான். 'பிழையை நேரில் கண்டேன்.' சுப்பிரமணியம் கையை நீட்டிப் படிவத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "கையெழுத்துப் போட எடத்தைக் காட்டுங்க தம்பி," என்றார். வள்ளியம்மாள் அவர் விரலைப் பிடித்துப் படிவத்தில் வைத்தார்.

அந்தப் படிவத்தையும் கமிட்டி ஏற்கவில்லை. பார்வையற்றவர் 'கண்டேன்' என்று கையெழுத்திடுவது பொய்ச் சான்று ஆகிவிடும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். மற்ற ஆறு பேரும் நல்ல வேளை கவனித்தீர்கள் என்றார்கள்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு நாற்பத்தொன்றுக்கு, கன்ட்ரோல் ரூமில் யாரும் தன்னைப் பார்க்காத நேரத்தில், ஃபெலிக்ஸ் அந்த 1-ஐ அழித்தான். யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. விரல் போனது, அழித்தது. நான்காவது லெவலின் மீட்டரில் பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறியது. ஐந்து மாதமும் இன்னொரு ஐந்து மாதமும் பூட்டிக் கிடந்த குரல், ஒன்றுமே நடக்காததுபோல், சீரியலின் நடுவில் பேசிக்கொண்டிருந்தது.

பதினோரு நிமிடம்தான். கண்காணிப்பு அறையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மௌனம் இருக்க வேண்டும் என்று அட்டவணை சொல்லும் இடத்தில் ஒலி இருக்கிறது. நாராயணஸ்வாமி மூச்சு வாங்க ஓடிவந்து பழையபடி 196 என்று போட்டார். "என்ன காரியம் பண்ணினேள்," என்றவர், அதற்கு மேல் திட்டவில்லை.

ஃபெலிக்ஸ் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது.

"தம்பி, வந்துட்டு. கொஞ்ச நேரந்தான், ஆனா வந்துட்டு," என்றார் சுப்பிரமணியம். "ஒண்ணு தெரியுமா? சீரியல்ல அந்தப் பிள்ளை நாலு மாசமா சக்கர நாக்காலிலல்லா உக்காந்திருக்காளாம். வள்ளி தட்டுறதுல அது எப்பிடி வரும்? ஏன் எல்லாரும் அவகிட்ட இப்பிடித் தணிஞ்சு பேசுதாங்கன்னு நான் பாட்டுக்கு யோசிச்சிக்கிட்டிருந்தேன்."

ஃபெலிக்ஸ் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டான்.

விசாரணை வந்தது. குற்றம்: மாலை 7.41 முதல் 7.52 வரை நான்காவது லெவலில் அனுமதியற்ற ஒலி. மீட்டர் ஆடியதற்குப் பதிவு இருந்தது. ஆனால் ஒலி வெளியே போய் யாராவது கேட்டார்களா என்பதற்குச் சாட்சி வேண்டும். வாரியத்தில் யாரும் கேட்கவில்லை. நான்காவது லெவலைக் கேட்கிறவர் என்று கோப்பில் பதிவாகியிருந்தவர் ஒரே ஒருவர். சுப்பிரமணியத்துக்குச் சம்மன் போனது. ஆறு மனுவுக்குக் கிடைக்காத மரியாதையோடு, ஆள் மூலமாகவே போனது.

அவரை ஆட்டோவில் கூட்டிவந்தவன் ஃபெலிக்ஸ்தான். தார்நாகா சிக்னலில் வண்டி நின்றபோது சொன்னான்: "ஐயா, கேட்டேன்னே சொல்லிருங்க. அதானே உண்மை. நீங்க கேட்டேன்னு சொன்னாத்தான் 96 போட்டா சத்தம் வரும்னு ஃபைல்ல ஏறும்."

"ஏறினா உங்களுக்கு என்ன ஆகும்?"

"அத விடுங்க ஐயா."

"வேலை போயிருமா?"

சிக்னல் விழுந்தது.

நீண்ட மேசையில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. இயக்குநரும் வந்திருந்தார். "ஒலி இருந்ததைக் குற்றமாக யாரும் சொல்லவில்லை. யாருடைய அனுமதியின் பேரில் இருந்தது என்பதுதான் கேள்வி," என்று தொடங்கி வைத்தார். "அனுமதி இல்லாமல் ஒருவர் நல்லது செய்ய ஆரம்பித்தால், நாளைக்கு எல்லாரும் நல்லது செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் நமக்கு இங்கே என்ன வேலை?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். நாராயணஸ்வாமி கேள்வியைப் படித்தார். சாட்சியின் முகத்தைப் பார்க்காமல்தான் படித்தார்.

"அன்று மாலை ஏழு நாற்பத்தொன்றுக்கு மேல் நான்காவது லெவலில் உங்களுக்கு ஏதாவது கேட்டதா?"

சுப்பிரமணியம் தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் கேக்கலைங்க," என்றார்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். பதினோரு நிமிடம்."

"அன்னைக்கும் கேக்கலை. என்னைக்குமே கேக்கலை."

ஃபெலிக்ஸ் எழுந்து நின்றான். "சார், அவரு எனக்காகச் சொல்லுதாரு. கேட்டுது. நான்தான் மாத்தினேன். 96 போட்டேன், சத்தம் வந்துது. எழுதிக்கிடுங்க."

அறையில் யாரும் எழுதவில்லை. நிர்வாக அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சாட்சியின்படி ஒலி இல்லை. ஒலி இல்லை என்றால் குற்றம் நடக்கவில்லை. நடக்காத குற்றத்தை ஒருவர் ஒப்புக்கொள்ள விதியில் இடமில்லை. "உட்காருங்கள்," என்றார். ஃபெலிக்ஸ் உட்கார்ந்தான். நாராயணஸ்வாமி மேசைக்குக் கீழே அவன் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முடிவு எழுத அரை மணி நேரம்தான் ஆனது. வாரியத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் எழுதப்பட்டதில்லை. மீட்டர் பதிவுப்படி அன்று நான்காவது லெவலில் ஒலி இருந்திருக்கிறது. இருந்தும் மனுதாரருக்குக் கேட்கவில்லை என்பது அவர் வாக்குமூலத்திலிருந்தே தெளிவு. ஆகவே குறை ரூட்டரில் இல்லை, மனுதாரரின் காதில் இருக்கிறது. அட்டவணை சரி. கையெழுத்து சரி. மனுதாரருக்கு மனிதாபிமான அடிப்படையில் காது கேட்கும் கருவி வழங்கலாம்.

ஆண்டு விழாவில் வழங்கினார்கள். இயக்குநர் தன் கையாலேயே சுப்பிரமணியத்தின் காதில் மாட்டிவிட்டார். அது கீச்சென்று கத்தியது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நிகழ்ச்சி நான்கு லெவலிலும் நேரலையாகப் போனது. நான்காவதில் வழக்கம்போல் இரைச்சலோ எதிரொலியோ இல்லை.

ஒரு வாரம் கழித்து ஃபெலிக்ஸ் ஹப்சிகுடாவுக்குப் போன் செய்தான்.

"நல்லாக் கேக்குது தம்பி. மேல் வீட்டுல மிக்சி போடுதது, கீழ லிஃப்ட் வாரது, எல்லாம் கேக்குது," என்றார் சுப்பிரமணியம். "நீங்க அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. வேலையைப் பாருங்க."

வேலை காத்திருந்தது. கமிட்டி, விசாரணை, வாக்குமூலம் ஆகிய மூன்றையும் கடந்து நிரூபணமான ஒரே லெவல் அட்டவணை என்பதால், ஹைதராபாத் அட்டவணையை வாரியத்தின் மற்ற ஐந்து நிலையங்களுக்கும் அப்படியே ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதை ஏற்றிக் கொடுத்த பிறகுதான் ஃபெலிக்ஸுக்குச் சான்றிதழ். கம்பெனி முதலாளிக்குப் போன் செய்தபோது, "எழுத்துல ஆர்டர் இருக்குல்ல? பேசாம போட்டுட்டு வாங்க," என்றார்.

முதலில் வாரங்கல். செகந்திராபாத்தில் மதியம் ரயில் ஏறினான். அங்கே ஒளிபரப்பு நிலையத்தில் பணியில் இருந்தது ஒரு தெலுங்குப் பெண், முப்பது வயதிருக்கும். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, சின்ன ஸ்பீக்கரில் நான்காவது லெவலையும் ஓடவிட்டிருந்தாள். அங்கே நான்காவது வரிசையில் 96 என்று இருந்தது. வர்ணனை தெளிவாக வந்துகொண்டிருந்தது. உத்தரவை இரண்டு முறை படித்தாள்.

"சார், இது நன்றாகத்தானே வருகிறது?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"ஆமா," என்றான் ஃபெலிக்ஸ்.

"பிறகு எதற்கு?"

அவன் உத்தரவின் கீழே இருந்த பச்சைக் கையெழுத்தைக் காட்டினான். அவள் நாற்காலியைத் தள்ளி இடம்விட்டாள். அவன் உட்கார்ந்து கட்டத்தில் 196 என்று அடித்தான். என்டரைத் தட்டாமல் இருந்தான். இந்தக் காட்சி முடியட்டும் என்று நினைத்தான். அது முடிந்து அடுத்தது தொடங்கியது. அதுவும் முடியட்டும் என்று நினைத்தான். போன் அடித்தது. நாராயணஸ்வாமி, ஹைதராபாத் கண்காணிப்பு அறையிலிருந்து.

"ஃபெலிக்ஸ், மீட்டர் இன்னும் ஆடிண்டிருக்கே. இங்க எல்லாரும் பாத்துண்டிருக்கா." அவர் குரல் தாழ்ந்தது. "போட்டுடுங்கோ, ப்ளீஸ்."

ஸ்பீக்கரில் அந்தக் குரல் அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. வாசல் மணி அடிக்கிறது. அம்மா அடுப்பை அணைக்கிறாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வருகிறாள். தாழ்ப்பாளைத் தொட்டவள் ஒரு கணம் நிற்கிறாள். கதவைத் திறக்கிறாள். வெளியே நிற்பது

ஃபெலிக்ஸ் என்டரைத் தட்டினான்.

அந்தப் பெண் சட்டென்று திரும்பித் திரையைப் பார்த்தாள். யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஃபெலிக்ஸ் திரையின் பக்கம் திரும்பவில்லை. மீட்டரின் பச்சைக் கோடு முழுசாகக் கீழே இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.